பெட்டியில் எழுதிய பெயர்

கியோத்தோ நகரின் வடபகுதியிலுள்ள தைதோக்குஜி என்னும் ஜென் பௌத்த மடாலயத்தின் உள்மடங்களுள் ஒன்றான கோஹோ-ஆனில், பெட்டிக்குள் பெட்டியாக வைத்துப் பட்டுத் துணியில் சுற்றி, ஒரு தேநீர்க் கிண்ணத்தைப் பேணி வருகிறார்கள். வாய்ப்புறம் சுமார் 15 சென்டிமீட்டர் அகலம்; மஞ்சளும் பழுப்பும் கலந்த மங்கலான நிறம்; உடலெங்கும் மெல்லிய வெடிப்புக் கோடுகள். திகிரி சுழன்றபோது குயவனின் விரல் ஏறிச் சென்ற தடம் அப்படியே தெரிகிறது. அடிப்பாகத்தில் மெருகு சுருங்கி, முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. முதன்முறை பார்க்கிறவருக்கு, எந்தச் சமையற்கட்டிலும் கவனிப்பாரற்றுக் கிடக்கக்கூடிய பாத்திரம் என்றே தோன்றும். ஆயினும் ஜப்பானிய அரசாங்கம் அதைத் தேசியப் பொக்கிஷம் என்று பிரகடனம் செய்திருக்கிறது. தேநீர்க் கலையில் தேர்ந்த ரசிகர்கள் நானூறு ஆண்டுகளாக அதன் முன் தலை வணங்கி வந்திருக்கிறார்கள்.

அதைச் செய்தவர் 16ஆம் நூற்றாண்டில் கொரியாவில் வாழ்ந்த ஒரு குயவர். அவருடைய பெயர் யாருக்கும் தெரியாது. கிண்ணத்துக்கு மாத்திரம் பெயர் உண்டு. அதனைக் ‘கிஸாயெமோன்’ என்று அழைக்கிறார்கள். அது, அந்தக் கிண்ணத்தைச் சில காலம் வைத்திருந்த தாகேதா கிஸாயெமோன் என்ற ஒஸாகா வணிகரின் பெயர். அவர் செல்வமெல்லாம் இழந்து, கேளிக்கை விடுதிகளுக்கு வருவோருக்கு வழிகாட்டிப் பிழைக்கும் நிலைக்குத் தாழ்ந்து, உடலெல்லாம் கொப்புளம் கண்டு துன்புற்ற நாளிலும் அந்தக் கிண்ணத்தை விற்க மனம் ஒப்பவில்லை என்று கர்ணபரம்பரைச் செய்தி ஒன்று இருக்கிறது. பிறகு, மாட்சுவே சமஸ்தானத்தின் அதிபதியும் தேநீர்க் கலையில் மகா ரசிகருமான மாட்சுதைரா ஃபுமாய் 550 ரியோ பொன் கொடுத்து அதை வாங்கினார். அவருக்கும் கொப்புளம் கண்டதாம், மகனுக்கும் கண்டதாம். கிண்ணத்தோடு ஏதோ சாபம் ஒட்டியிருக்கிறது என்று அஞ்சிய குடும்பத்தார், ஃபுமாயின் மறைவுக்குப் பின்னர் அதனை மடத்துக்கு அளித்துவிட்டார்கள். விற்றவர், வாங்கியவர், நோய் கண்டவர், தானம் செய்தவர் என்று அத்தனை பேருடைய கதையும் அந்தப் பாத்திரத்தோடு சேர்ந்து நமக்கு வந்து சேர்ந்திருக்க, வனைந்தவரைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் வந்து சேரவில்லை.

1931இல் அந்தப் பெட்டிகளைத் திறந்து கிண்ணத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் பாக்கியம் யனாகி சோயெட்சு என்ற தத்துவ அறிஞருக்கும், அவருடைய நண்பரான கவாய் கான்ஜிரோ என்ற குயக் கலைஞருக்கும் கிடைத்தது. யனாகி கண்டது, ஏழைக் குயவன் ஏழைக்காகச் செய்த சோற்றுக் கிண்ணம். அதைச் செய்தவனுக்கு அழகைப் பற்றிய பிரக்ஞையே இல்லை, ஆகையினாலேயே அழகு அதில் தானாக வந்து குடியேறியது என்று அவர் எழுதினார். அது சோற்றுக் கிண்ணந்தானா, அல்லது வேறொரு காரியத்துக்காகச் செய்யப்பட்டதா என்பதில் இன்றைய ஆராய்ச்சியாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் யனாகி அன்று அடைந்த அனுபவம் ஜப்பானியக் குயக்கலையின் ஒரு நூற்றாண்டுப் போக்கை நிர்ணயித்த சக்திகளுள் ஒன்று. அந்த நாட்டுக் குயக்கலையின் சரித்திரத்தைச் சூளைகளின் வரிசையாகவோ மெருகுகளின் வரிசையாகவோ சொல்வதுதான் வழக்கம். அதனைப் பெயரின் சரித்திரமாகவும் சொல்லலாம் என்பது என் எண்ணம். பாண்டத்தின் மேல் யாருடைய பெயர் நிற்க வேண்டும் என்ற கேள்வி, அங்கே வாழ்ந்த குயவர்களின் வாழ்வைத் தலைமுறை தலைமுறையாகத் தொட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

அந்தச் சரித்திரத்தில் முதலில் சொல்ல வேண்டியது ஒரு யுத்தம். 1592 முதல் 1598 வரையில் தொயோதோமி ஹிதேயோஷியின் சேனைகள் கொரியாவின் மீது இரண்டு முறை படையெடுத்துச் சென்றன. திரும்பி வந்த சிற்றரசர்கள் தங்கள் கப்பல்களில் ஏற்றி வந்த கொள்ளைப் பொருள்களுள், உயிரோடிருந்த கொரியக் குயவர்களும் அடக்கம். ஹொன்ஷுவின் மேற்கு முனையிலுள்ள ஹகி, கியூஷு தீவின் சட்சுமா, அரிதா என்று இன்று நாம் புகழ்ந்து பேசும் பாண்டங்களுள் பெரும்பாலானவை அந்தக் கைதிகளின் கையில் பிறந்தவை.

நபேஷிமா நவோஷிகே என்ற பிரபுவின் படையோடு வந்தவர் யி சாம்-பியோங். அவர் 1616ஆம் ஆண்டில் அரிதாவின் இஸுமியாமா மலையில் பீங்கானுக்கு வேண்டிய வெண்கல்லைக் கண்டுபிடித்தார் என்பது பரம்பரையான நம்பிக்கை. ஜப்பானில் பீங்கான் என்ற தொழில் அங்கிருந்து பிறக்கிறது. சில பத்தாண்டுகளுக்குள் டச்சு வணிகர்கள் அதனைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச் சென்றார்கள். யி சாம்-பியோங்குக்குக் கானகாயே சான்பே என்ற ஜப்பானியப் பெயரும் சூட்டப்பட்டது. அவருடைய சொந்த ஊரின் பெயரை ஒட்டியே அது வைக்கப்பட்டது என்கிறார்கள். அரிதாவில் குன்றின் மேல் இருக்கும் ஷின்டோ ஆலயத்தின் நுழைவாயில் வளைவே பீங்கானால் ஆனது. அந்த ஆலயத்தில் கைதியாக வந்த யி சாம்-பியோங்கும், அவரைக் கொண்டுவந்த நபேஷிமா நவோஷிகேயும் ஒரே சன்னிதானத்தில் தெய்வங்களாக வணங்கப்படுகிறார்கள் என்ற செய்தியை நான் முதன்முதல் படித்தபோது, புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

அதே அரிதாவில் ஒரு மூதாட்டியின் ஞாபகமும் இருக்கிறது. கணவரோடு கொரியாவிலிருந்து வந்த அவர், கணவர் இறந்த பின்னர், தம்மைச் சார்ந்த நூற்றுக்கணக்கான குயவர்களை அழைத்துக்கொண்டு அரிதாவின் மலைப்பகுதியில் குடியேறி, அவர்களுக்குத் தலைவியாக இருந்து தொழில் நடத்தினார். 1656இல், 96ஆம் வயதில் காலமானார். அவருடைய கொள்ளுப்பேரன் ஹோவொன்ஜி கோயிலில் நிறுத்திய கல் இன்றும் நிற்கிறது. அவரை ஹியாக்குபாஸென் என்று அழைக்கிறார்கள். நூறாண்டு கண்ட பாட்டி, தேவதைக்கு ஒப்பானவர் என்று அதற்குப் பொருள். அது ஊரார் அன்போடு இட்ட மரியாதைப் பெயர். தாய்தந்தையர் இட்ட பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

சட்சுமாவில் நடந்தது இதற்கு நேர் எதிரானது. 1598இல் ஷிமாஸு குலத்தார் கொண்டுவந்த குயவர்கள் நயேஷிரோகாவா என்ற ஊரில் குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் கொரியப் பெயரையும் கொரிய உடையையும் கைவிடக் கூடாது என்று சமஸ்தானமே ஆணையிட்டது. அவர்கள் வம்சத்தில் வந்த பன்னிரண்டாவது சின் ஜுகான் (கொரிய உச்சரிப்பில் ஷிம் சு-குவான்) 1873ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சியில் வைத்த மாபெரும் ஜாடிகள் ஐரோப்பாவைப் பிரமிக்க வைத்தன. அதற்குள் காலம் மாறியிருந்தது. சமஸ்தானங்கள் ஒழிந்தன, பெயரைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்ற ஆணையும் ஒழிந்தது, அந்தப் பெயரே ஒரு பாரமாயிற்று. அவ்வூரில் பாண்டங்கள் விற்ற ஒரு குடும்பத்தில் 1882இல் பார்க் என்ற குலப்பெயரோடு பிறந்த குழந்தைக்கு, தகப்பனார் தொகை கொடுத்து ஒரு சாமுராய்க் குடும்பத்தின் பெயரை வாங்கித் தந்தார். அந்தக் குழந்தைதான், பியர்ல் துறைமுகத் தாக்குதலின்போதும் பிறகு சரணாகதியின்போதும் ஜப்பானின் வெளிநாட்டு மந்திரியாக இருந்த தோகோ ஷிகேனோரி. குயவர் தெருவில் ஒரு பெயர் என்ன விலை பெறும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

தேநீர்ச் சம்பிரதாயத்தின் மூலபுருஷரான சென் நோ ரிக்யூவின் காலத்தில், கியோத்தோவில் சோஜிரோ என்பவர் திகிரியை ஒதுக்கிவிட்டு, உள்ளங்கைகளால் அணைத்து அணைத்தே கிண்ணங்களை உருவாக்கினார். கறுப்பும் சிவப்புமான அந்தக் கிண்ணங்களில் அவர் தம் பெயரைப் பொறிக்கவில்லை. அவர் வழிவந்தோர்க்கு ‘ராக்கு’ என்ற எழுத்து முத்திரையாகக் கிடைத்தது. அதுவே குடும்பத்தின் பெயரும் ஆயிற்று. இன்று பதினாறாவது தலைமுறை சூளை வைக்கிறது. குடும்பத் தலைமையை ஏற்பவர் தம் சொந்தப் பெயரை விட்டுவிட்டுக் கிச்சிஸாயெமோன் ஆகிவிடுகிறார். ஒரு தலைமுறை தோண்டி வைத்த மண்ணைக் கொள்ளுப்பேரர்கள்தாம் பிசைவார்கள் என்பது அந்த வீட்டு வழக்கம்.

தனி மனிதரின் பெயர் பாண்டத்தின் மீது துணிந்து ஏறியது 17ஆம் நூற்றாண்டின் நடுவில். நோனோமுரா ஸெய்யெமோன் என்ற குயவர் கியோத்தோவில் நின்னாஜி கோயிலின் வாசலருகே சூளை வைத்து, கோயிலின் பெயரிலிருந்து ‘நின்’ என்ற எழுத்தையும் தம் பெயரிலிருந்து ‘ஸெய்’ என்ற எழுத்தையும் சேர்த்து ‘நின்ஸெய்’ ஆனார். அந்தப் பெயரைத் தம் பாண்டங்களின் அடியில் முத்திரையாகவும் குத்தினார். கொடிமலர்கள் சரிந்து தொங்குவதாக அவர் வர்ணம் தீட்டிய தேயிலை ஜாடி இப்போது அத்தாமி நகரத்து மியூசியத்தில் தேசியப் பொக்கிஷமாக இருக்கிறது. அடுத்த தலைமுறையில் ஒகாதா கென்ஸான் (1663-1743) வந்தார். 1699இல் நருதாகியில் அவர் தொடங்கிய சூளை கியோத்தோவுக்கு வடமேற்கே இருந்தமையால், வடமேற்கு மலை என்று பொருள்படும் அப்பெயரைச் சூடிக்கொண்டார். அவர் முத்திரையோடு திருப்தியடையவில்லை. தூரிகையைத் தோய்த்து, கண்டவர் யாரும் தவறவிட முடியாதபடி பெரிய எழுத்தில் தம் பெயரை எழுதினார். ஆனால் ஒரு கென்ஸான் தட்டை எடுத்துப் பார்த்தால், மண்ணை உருவாக்கியவர் ஒருவர், சூளையைக் கவனித்தவர் ஒருவர், சித்திரம் எழுதியவர் பல சமயங்களில் அவருடைய தமையனாரும் பெரும் ஓவியருமான ஒகாதா கோரின். கென்ஸானுடைய கருத்தும் கையெழுத்துமே அந்தப் பலரையும் ஒன்றாகக் கட்டி வைத்தன. பெயர் எழுதிய பாண்டம் ஒருவரே செய்த பாண்டமாக இருக்க வேண்டுமென்பதில்லை என்பதை, பெயர் எழுதும் வழக்கம் பிறந்த காலத்திலேயே அவை காட்டிவிட்டன.

இந்தக் கதையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் ஒரு துறவி. ஒதகாகி ரெங்கெட்சு 1791இல் பிறந்தார். இரண்டு முறை மணம் புரிந்தார். பெற்ற குழந்தைகளைச் சிசுப் பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தார். 1823இல் இரண்டாவது கணவரும் மறைந்தபின், முப்பது வயது சிறிது கடந்த பருவத்தில் தலைமயிரைக் களைந்து பௌத்த பிக்ஷுணி ஆனார். வளர்ப்புத் தந்தையும் 1832இல் மறைந்த பிறகு, பிழைப்புக்கு ஏதேனும் செய்தாக வேண்டியிருந்தது. திகிரி பிடித்துப் பழக்கமில்லாத அந்தக் கைகள், தேநீர்க் கெண்டிகளையும் கிண்ணங்களையும் விரலாலேயே பிசைந்து உருவாக்கின. ஈரம் காயுமுன், தாம் இயற்றிய கவிதைகளை மெல்லிய அழகிய எழுத்தில் அவற்றின் மேல் கீறினார். கியோத்தோ மக்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போனார்கள். கூட்டத்துக்கு அஞ்சி வீடு மாறி, மறுபடியும் வீடு மாறி வாழ்ந்தார் அந்த அம்மையார். பிற்காலத்தில் பெரும் ஓவியராகப் புகழ்பெற்ற தொமியோகா தெஸ்ஸாய், இளைஞராக இருந்தபோது அவருக்கு மண் சுமந்து உதவி செய்தார்.

கீர்த்தி பெருகியபோது போலிகளும் பெருகின. அவர் எழுத்தைப் பார்த்துக் கீறி, அவர் பெயரில் பாண்டம் விற்றவர்கள் பலர். அவர்களைக் கண்டித்துத் தடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னபோது, தம் பெயரால் சிலருக்கு அன்னம் கிடைக்குமானால் அது கிடைக்கட்டும் என்ற மனநிலையில் அவர் இருந்ததாகவும், பிறர் செய்த பாண்டத்திலும் தாமே கவிதை எழுதிக் கொடுத்ததாகவும் சொல்லப்படுகிறது. ஆகவே, ரெங்கெட்சுவின் பாண்டம் எது, அல்லாதது எது என்று பிரித்து அறிவது இன்றைக்கும் நிபுணர்களுக்குக் கடினமாக இருக்கிறது. பெயரை மறைத்தவர்களைப் பற்றி ஆயிரம் பேசுகிறோம். பெயரை எழுதி, எழுதிய பெயரையே தானம் செய்தவர் இவர் ஒருவர்தாம் எனக்குத் தெரிந்து இருக்கிறார்.

இனி யனாகியின் வட்டத்துக்கு வருவோம். 1925ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், யனாகியும் கவாயும் ஹமாதா ஷோஜி என்ற குயக் கலைஞரும் கிஷூ பிரதேசத்தில் யாத்திரை செய்துகொண்டிருந்தபோது, பாமர மக்கள் அன்றாடம் கையாளும் பொருள்களைக் குறிப்பதற்கு ‘மிங்கேய்’ என்ற ஒரு புதிய சொல்லை உண்டாக்கினார்கள். மக்கள் கலை என்பது அதன் பொருள். 1936இல் டோக்கியோவின் கோமாபாவில் அவர்களுடைய மக்கள் கலை மியூசியம் திறக்கப்பட்டது. யனாகியின் சித்தாந்தம் சுருக்கமானது: கைவினைஞன் தன்னை மறந்து, மலிவாக, ஏராளமாக, உபயோகத்துக்கென்று செய்யும் பொருளில் அழகு இயல்பாகப் பிறக்கிறது, ‘நான் செய்தேன்’ என்ற எண்ணம் புகுந்தவுடனே அது நோய்வாய்ப்படுகிறது.

இந்தச் சித்தாந்தத்தைக் கேட்டுத் தம் கையொப்பத்தை விட்டவர்களுள் கவாய் கான்ஜிரோ (1890-1966) குறிப்பிடத் தக்கவர். ஷிமானே மாகாணத்தின் யாசுகியில் பிறந்த அவரும், நான்கு வயது இளையவரான ஹமாதாவும் டோக்கியோ தொழிற்கல்லூரியில் பயின்று, பிறகு கியோத்தோ நகரசபையின் குயத்தொழில் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்து, 10,000க்கு மேற்பட்ட மெருகுப் பரிசோதனைகள் செய்தார்கள். 1920இல் கோஜோஸாகா மேட்டுத் தெருவில் ஒரு பழைய படிச்சூளையைக் கவாய் விலைக்கு வாங்கினார். மறு ஆண்டு தகாஷிமாயா அங்காடியில் அவர் வைத்த முதற் கண்காட்சியில், பழைய சீன மெருகுகளையெல்லாம் உயிர்ப்பித்துக் காட்டிய இந்த இளைஞரைப் பத்திரிகைகள் வானளாவப் புகழ்ந்தன. யனாகி மாத்திரம் புகழவில்லை. அதே சமயத்தில் யனாகி டோக்கியோவில் வைத்த கொரியப் பாண்டங்களின் கண்காட்சியைக் கவாய் போய்ப் பார்த்தார். பெயரற்ற குயவர்கள் செய்த அந்தச் சாதாரணப் பாத்திரங்களின் எதிரே தம்முடைய ஜாலங்களெல்லாம் வெறும் அலங்காரம் என்று அவருக்குப் பட்டது. அதன்பின் சில ஆண்டுகள் அவர் வாழ்ந்தது புகழின் நடுவே ஒரு மனத்துயரத்தோடு. ஹமாதாவின் உதவியால் அவருக்கும் யனாகிக்கும் நட்பு உண்டாயிற்று. அந்நட்புக்குப் பிறகு கவாயின் பாண்டங்களில் கையெழுத்து மறைந்தது.

1937இல் பாரிஸ் கண்காட்சியில் அவருடைய ஜாடி ஒன்று முதற்பரிசு பெற்றது. அதை அனுப்பியவர் அவருடைய நண்பர். கவாய்க்கு முன்கூட்டித் தெரியாது. 1957இல் மிலான் நகரத்திலும் முதற்பரிசு வந்தது. அரசாங்கம் கொடுக்க முன்வந்த கலாசார விருதையும், ‘மனித தேசியப் பொக்கிஷம்’ என்று மக்கள் வழங்கும் பட்டத்தையும் அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைசி வரையில் பட்டமில்லாத குயவராகவே இருந்து மறைந்தார். தாமே திட்டமிட்டுக் கட்டிய வீடும், அதன் பின்புறத்துச் சூளையும் 1973 முதல் நினைவு இல்லமாகத் திறந்திருக்கின்றன. எட்டு அறைகளோடு மேடேறிச் செல்லும் அந்தச் சூளையைக் கவாய் தம் ஒருவருக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அக்கம்பக்கத்துக் குயவர்களும் தங்கள் பாண்டங்களை அதில் அடுக்கிச் சுட்டுக்கொண்டார்கள். கியோத்தோவில் அப்படித்தான் வழக்கம். விறகுக்கு ஆகும் செலவு தனி மனிதர் தாங்கக்கூடியதன்று.

ஹமாதா ஷோஜி (1894-1978) சென்ற வழி சற்று வேறானது. 1920இல் அவர் ஆங்கிலேயக் கலைஞரான பெர்னார்ட் லீச்சுடன் கடல் கடந்து, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலிருக்கும் செயின்ட் ஐவ்ஸ் என்ற மீனவர் ஊரில் சூளை அமைக்கத் துணை நின்றார். அந்த நாள்களில் தம் பாண்டங்களில் முத்திரை இட்டுவந்தவர், 1924இல் தாய்நாடு திரும்பி மாஷிகோவில் குடியேறிய பிறகு அதையும் நிறுத்திவிட்டார். டோக்கியோவுக்கு வடக்கே உள்ள மாஷிகோ, 1853இல் தொடங்கிய சூளைகளைக் கொண்டு, டோக்கியோ சமையலறைகளுக்குத் தண்ணீர்ச் சாடியும் ஊறுகாய்ச் சாடியும் செய்து அனுப்பிக்கொண்டிருந்த ஊர். மண் கரடுமுரடானது, நேர்த்தியான வேலைக்கு இடங்கொடாது. அதனால்தான் அவர் அதைத் தேர்ந்தெடுத்தார். ஊரில் வெட்டி எடுக்கும் ஒரு கல்லைப் பொடித்தால், பனிச்சைக் குலத்துப் பழமொன்றின் நிறத்தில் செம்பழுப்பு மெருகு கிடைத்தது; நெல்லின் உமிச் சாம்பல் வெண்மையைத் தந்தது; விறகுச் சாம்பலும் செம்பும் மற்ற வர்ணங்களைத் தந்தன. சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு கோலால் திகிரியைச் சுழற்றிவிட்டு, அது ஓயும் வேகத்துக்குள் வனைவது அவர் வழக்கம்.

பெரிய தட்டின் மேல் அகப்பையால் மெருகை வீசி ஊற்றிக் கோலமிடுவதில் அவர் பெயர் பெற்றவர். ஒரு தட்டுக்குப் பதினைந்து விநாடிதான் ஆகிறதே என்று வியந்த ஒருவரிடம், அதனோடு அறுபது ஆண்டுகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்ற கருத்தில் அவர் மறுமொழி சொன்ன செய்தி பிரசித்தமானது. எனக்கு அதைக் காட்டிலும் முக்கியமாகப் படுவது, அந்த ஊரில் அவர் யாரைக் கண்டு கற்றார் என்பது. மினாகாவா மாசு என்ற பெண்மணி சிறுமியாக இருந்த நாள் முதல் மாஷிகோ சூளைகளுக்குக் கூலிக்குத் தேநீர்க் கெண்டிகளில் சித்திரம் எழுதி வந்தார். மலை, மரம், ஓடம், நீர் என்று அதே காட்சியை நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான கெண்டிகளில், தயங்காத நாலு வீச்சுகளில் எழுதிவிடுவார். எழுதப் படிக்க அறியாத அவருடைய கெண்டியொன்று 1938இல் பெர்லின் நகரத்துக் கண்காட்சியில் பரிசு பெற்றது. யனாகியும் ஹமாதாவும் தேடியது இந்தக் கையைத்தான். ஆனால் தேடிக் கண்டுபிடித்துப் புகழ்ந்த கணத்திலேயே, பெயரற்றிருந்த அந்தக் கைக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. இன்று மியூசியங்களில் ‘மினாகாவா மாசு’ என்று எழுதிய சீட்டோடு அவருடைய கெண்டிகள் அமர்ந்திருக்கின்றன.

ஹமாதாவுக்கும் இதுவே நேர்ந்தது. ஜப்பானில் மதிப்புள்ள பாண்டம் வெறுமனே கைமாறுவதில்லை. அதற்கென்று இழைத்த மரப்பெட்டியில் வைத்து, மூடியின் மீது செய்தவர் தம் கைப்பட எழுதிக் கொடுப்பது சம்பிரதாயம். மண்ணில் கையொப்பமிட மறுத்த ஹமாதா, பெட்டியில் எழுதிக் கொடுத்தார். பாண்டம் அநாமதேயமாக இருந்தது. பெட்டி அதன் கர்த்தாவைச் சொல்லிற்று. சந்தை, பெட்டியைப் பார்த்து விலை வைத்தது. இதனை ஒரு முரண்பாடு என்று சுட்டிக் காட்டியவர்கள் உண்டு. நான் அதில் குற்றம் காணவில்லை. பாண்டத்தைக் கையாளுகிறவர் பெயரைக் கையாள வேண்டியதில்லை; சோறு உண்ணும்போது பெட்டி பரணில் இருக்கும். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. தேர்ந்தெடுத்துப் பெயரை விடுவதற்கு முதலில் ஒரு பெயர் இருக்க வேண்டும். கிஸாயெமோன் கிண்ணத்தைச் செய்த கொரியருக்கும், ஹியாக்குபாஸென்னுக்கும் அந்தத் தேர்வு வழங்கப்படவில்லை. யனாகி இதை அறியாதவர் அல்லர். கொரியாவை ஜப்பான் அடக்கி ஆண்ட காலத்தில், சியோல் அரண்மனையின் வாயிலை இடிக்கக் கூடாது என்று பகிரங்கமாக எழுதிய சிலருள் அவர் ஒருவர். 1924இல் சியோலிலேயே கொரிய மக்கள் கலைக்கு ஒரு மியூசியமும் அமைத்தார். அப்படிப்பட்டவருடைய சித்தாந்தத்திலும் பெயரின்மை ஒரு புண்ணியமாகவே வருகிறது, ஒரு நஷ்டமாக வருவதில்லை என்பதுதான் எனக்குள்ள குறை.

அந்த வட்டத்திலேயே இருந்து, பிறகு விலகிச் சென்றவர் தொமிமோதோ கென்கிச்சி (1886-1963). நாரா மாகாணத்து நிலக்கிழார் குடும்பத்தில் பிறந்து, கட்டடக் கலை பயின்று, லண்டனுக்கும் போய்வந்தவர். லீச் முதன்முதல் மண்ணைத் தொட்ட நாள்களில் அவருக்கு மொழிபெயர்த்துத் துணைநின்றவரும் இவரே. பழைய சித்திரத்தைப் பார்த்து மறு சித்திரம் எழுதுவது கூடாது, வயலுக்குச் சென்று செடியைப் பார்த்தே எழுத வேண்டும் என்பது அவர் விரதம். படைப்பவனுக்குத் தன் படைப்பின் பொறுப்பு உண்டு, அதை மரபின் தலையிலோ மக்களின் தலையிலோ சுமத்திவிட முடியாது என்று அவர் கருதினார். ஆகவே கையெழுத்திட்டார், ‘தொமி’ என்ற எழுத்தின் வடிவத்தை ஆண்டுதோறும் மாற்றி மாற்றி இட்டார், பிற்காலத்தார் எந்த ஆண்டின் வேலை என்று கண்டுகொள்ளும்படியாக. இவ்வளவு கவனமாகப் பெயர் எழுதிய மனிதர், தாம் இறந்தபின் தமக்குக் கல்லறை வேண்டாம், தம் பாண்டங்களே தம் கல்லறை என்று சொல்லிவிட்டுப் போனார்.

1950இல் இயற்றி 1954இல் திருத்திய கலாசாரச் செல்வப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அரிய கைத்திறனைத் தாங்கி நிற்கும் மனிதரையே அரசாங்கம் 1955 முதல் அங்கீகரிக்கத் தொடங்கியது. முதற் பட்டியலில் குயக் கலைஞர் நால்வர்: தொமிமோதோ, ஹமாதா, இஷிகுரோ முனேமாரோ, அராகாவா தொயோஸோ. கவாய் விலகிக்கொண்டதைச் சொன்னேன். சமையலிலும் குயக்கலையிலும் தமக்கு நிகர் இல்லாதவரான கிதாஓஜி ரோஸான்ஜினும் மறுத்துவிட்டார். அராகாவா பெற்ற பட்டத்துக்குப் பின்னால் ஒரு துண்டுச் சில்லின் கதை இருக்கிறது. மூங்கிற்குருத்துச் சித்திரம் தீட்டிய ஒரு பழைய ஷினோ கிண்ணத்தை அவர் 1930இல் நகோயாவில் பார்த்தார். ஷினோ பாண்டங்கள் ஸேத்தோவில் பிறந்தவை என்று எல்லாரும் நம்பியிருந்த காலம் அது. அடியில் ஒட்டியிருந்த மண்ணின் நிறம் அவருக்கு ஐயத்தைத் தந்தது. சில தினங்களுக்குள் தம் சொந்த மாவட்டமான மினோவின் மலைக்காட்டில், பாழடைந்த ஒரு சூளையில், அதே மூங்கிற்குருத்து எழுதிய சில் ஒன்றைக் கண்டெடுத்தார். ஷினோவின் பிறப்பிடம் மினோ என்று நிலைநாட்டப்பட்டது. அராகாவா அந்தக் காட்டிலேயே சூளை கட்டிக்கொண்டு, நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த பெயரற்றவர்களின் மெருகைத் திரும்பக் கண்டுபிடிப்பதில் ஆயுளைச் செலவிட்டார்.

அதே பழைய பாண்டங்களின் மீதுள்ள மோகம் வேறொருவர் கையில் விபரீதமாகவும் முடிந்தது. எய்னின் 2ஆம் ஆண்டு, அதாவது 1294 என்று தேதி பொறித்த ஒரு ஸேத்தோ ஜாடியை, 1959இல் முக்கியக் கலாசாரச் செல்வம் என்று அரசாங்கம் அறிவித்தது. அதற்காக வாதாடியவர் குயக்கலை அறிஞர்களுள் முதல்வரான கோயாமா ஃபுஜியோ. மறு ஆண்டே, அதைச் செய்தவன் நான் என்றார் ஸேத்தோ குயவரான கதோ தோக்குரோ. அவருடைய மூத்த மகன், நான்தான் செய்தேன் என்றார். ஊடுகதிர்ச் சோதனை நடந்தது. 1961இல் அங்கீகாரம் ரத்தாயிற்று. கோயாமா பதவி துறந்து, பின்னாளில் தாமே குயவரானார். தோக்குரோவின் அரசாங்க கௌரவங்கள் போயின, ஆனால் அவருடைய பாண்டங்களின் விலை ஏறிற்று. 13ஆம் நூற்றாண்டின் பெயர் தெரியாத கைக்குச் சமமான கை ஒன்று இன்றும் இருக்கிறது என்பதை மக்கள் அந்தச் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டார்கள் போலும்.

யுத்தத்துக்குப் பின் பாண்டம் என்ற கருத்தையே உதறியவர்களும் தோன்றினார்கள். 1948இல் கியோத்தோ இளைஞர்கள் தொடங்கிய ‘ஸோதெய்ஷா’ என்ற குழுவின் பெயர், சேற்றில் மண்புழு ஊர்ந்த தடத்தைக் குறிக்கும் ஒரு பழைய சீனச் சொல்லிலிருந்து வந்தது. அவர்களுள் யாகி கஸுஓ 1954இல் செய்த ‘திரு. ஸம்ஸாவின் உலா’, கால்போலப் பல குழல்கள் முளைத்த ஒரு மண்வளையம். அதில் நீர் வார்க்க முடியாது, மலர் வைக்கவும் முடியாது. அவரோ தம்மைக் கிண்ணம் செய்கிறவன் என்றே சொல்லிக்கொண்டார். பெண்கள் சூளையருகே வரலாகாது என்ற பழைய தடையை மீறி, ஷிகாரகியில் கோயாமா கியோகோ இரண்டு வாரங்களுக்கு மேல் விறகு இட்டு, சாம்பலே உருகி மெருகாகும் பழைய முறையை மீட்டார். பிஸென் ஊர்ச் சூளைகளில் தொழில் கற்ற டெபோரா ஸ்மித், ரே மீக்கரோடு 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கியபோது, அந்த மரபின் ஒரு கிளை நம் கடற்கரையிலும் வேர்கொண்டது.

2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்துப் பூகம்பத்தில் மாஷிகோவின் சூளைகள் பல இடிந்தன. ஹமாதாவின் படிச்சூளையும் நொறுங்கியது. ஊரார் கூடி அதைச் செங்கல் செங்கலாகத் திருத்திக் கட்டினார்கள். 2015இல், வெகுகாலத்துக்குப் பிறகு, அதில் தீ மூட்டினார்கள். எட்டு அறைகளையும் நிரப்பும் அளவுக்குப் பாண்டங்கள் வேண்டுமே. மாஷிகோவிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் குயவர் பலர் தங்கள் தங்கள் வேலையைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். முறை வைத்துக்கொண்டு இரவும் பகலும் விறகு இட்டார்கள். அடைத்த வாயைப் பிரித்தபோது, பலர் கைப்பட்ட பாண்டங்கள், ஒரே தீயின் சாம்பல் படிந்து, அருகருகே இன்னும் வெப்பம் ஆறாமல் இருந்தன.